பள்ளத்தை யாரும் படம் எடுக்கவில்லை

செய்தி வந்தபோது மணி காலை ஆறு நாற்பது. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் குக்கர் இரண்டாவது விசில் விட்டிருந்தது. போனில் அண்ணன் வீரராகவன். "சுதா, தாட்சாயிணி வண்டியோட உழுந்துட்டாமா" என்றான். எங்கே என்று கேட்டேன். "பள்ளத்துல" என்றான். பின்னால் லாரி ஹார்ன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பள்ளம் என்ற அந்த வார்த்தையை முதலிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் அன்று மதியத்துக்குள் அது எங்கள் தெருவிலிருந்து காணாமல் போய்விட்டது.

தாட்சாயிணி என் அக்கா. வயது நாற்பத்தாறு. நூம்பலில் எங்கள் அப்பா கட்டிய வீட்டின் மாடியில் இருந்தாள். கீழே அண்ணனும் பத்மா அண்ணியும். பாடியில் இன்ஜின் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்டுக்கு ஸ்கூட்டரில் கிளம்பினாள். ஹெல்மெட் போட்டிருந்தாள். மார்கழிப் பனி. தெருவிளக்கு எரியவில்லை. பக்கத்தில் ஒரு பஸ் நெருக்கியது. குழாய் பதிக்க என்று ஏழு மாதத்துக்கு முன்பு தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளம் அது. சுற்றித் தடுப்பு இல்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. அவள் தினமும் ஒதுங்கிப் போகிற பள்ளம்தான். அன்று ஒதுங்க இடம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

இவ்வளவுதான் நடந்தது. இதில் பாம்பு எங்கே வருகிறது என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்கு, அவள் உடம்பு போஸ்ட்மார்ட்டம் முடிந்து வருவதற்கு முன்பே, என் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. 'மலைப்பாம்பு வளர்த்த பெண் பரிதாப பலி.' அதைப் படிப்பவர்களுக்குப் பாம்பு அவளை விழுங்கிவிட்டது என்றுதான் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். மூன்று மணிக்கு உள்ளூர் சேனல் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் போனைப் பிடித்தபடி நேராக மாடிக்குப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு போயிற்று. பாம்பு இருந்த கண்ணாடி அலமாரியைத் தட்டி, உலுக்கி, அது தலையைத் தூக்கும் வரை படம் எடுத்தார்கள். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்தது. பள்ளம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. அதைப் படம் எடுக்க ஒருவரும் போகவில்லை.

அந்தப் பாம்பை அக்கா விலை கொடுத்து வாங்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்பு பின்போர்ஷனில் தினேஷ் என்று ஒருவன் வாடகைக்கு இருந்தான். கம்ப்யூட்டர் வேலை. எங்கிருந்தோ வாங்கி வந்த அந்தப் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடியோ எடுப்பான். உயிருள்ள எலியை உள்ளே விட்டு அதையும் எடுப்பான். ஒரு தடவை எலி பாம்பின் தலையைக் கடித்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது, "ரெண்டே வாரம்க்கா, ஃப்ரெண்டு வந்து எடுத்துக்குவான்" என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனான். ஃப்ரெண்டு வரவில்லை. தினேஷின் நம்பர் மாறிவிட்டது.

அண்ணன் ஏரியில் விட்டுவிடலாம் என்றான். அக்கா சம்மதிக்கவில்லை. அவள் டிப்ளமோ படித்தவள். ஒரு பொருள் கையில் வந்தால் அது என்ன, எந்த அளவு, எங்கே பொருந்தும் என்று பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். அது நம் ஊர் மலைப்பாம்பு இல்லை, நம் ஊர் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம், இது ஆப்பிரிக்காவில் எலி வளையில் ஒளிந்து வாழும் சின்ன இனம், முழுதாக வளர்ந்தாலும் நாலைந்து அடிதான், விஷம் கிடையாது, ஏரியில் விட்டால் பிழைக்காது என்றெல்லாம் பத்து நாளில் தெரிந்துகொண்டாள். பதிவு செய்ய வேண்டும் என்று தெரிந்ததும் ஆன்லைனில் தன் பெயரில் பதிவு செய்தாள். அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் பக்கத்தில் ஒட்டினாள். தெருவில் யாரும் அதைப் படித்ததில்லை.

அதன் குணம் பற்றி அவள் சொன்னது ஒன்றுதான். "இது பயந்தாங்கொள்ளிடி. இதைப் பாத்துப் போயி இந்தத் தெருவே பயப்படுது." அது உண்மை. பயந்தால் அது சீறாது. தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு, எல்லாரும் போய்விட்டார்களா என்று காத்திருக்கும். அக்கா அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "பேர் வெச்சா கூப்புடுவோம். கூப்புட்டா வராது. அப்புறம் நமக்குத்தான் கோவம் வரும்" என்றாள்.

அப்பாவின் பழைய கண்ணாடிக் கதவு அலமாரியை அவளே அறுத்து மாற்றினாள். சின்ன ஹீட்டர் வைத்து ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தாறு. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு கவிழ்த்த மண்சட்டி. ஒன்றுதான் வைத்தால் சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் பாம்பு திண்டாடும் என்பாள். உறைந்த எலிகளைத் தருவித்து, வெந்நீரில் வைத்துப் பதமாக்கி, இடுக்கியால் பிடித்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கொடுப்பாள். அண்ணி தன் ஃப்ரிட்ஜில் எலி வைக்கவிடவில்லை. அதில் நான் அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். அக்கா தனியாக ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வாங்கிக்கொண்டாள். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் பாம்பைத் தொட மாட்டாள். தோல் உரிக்கும் சமயத்தில் கண் நீலம் பாரித்தாலும் தொட மாட்டாள்.

ஒரு குளிர்காலத்தில் அது நாலு மாதம் ஒன்றுமே சாப்பிடவில்லை. அந்த இனம் அப்படித்தான் செய்யும். அக்கா கலங்காமல் சமையல் தராசில் வைத்து எடை பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தாள். நாலு மாதத்தில் அறுபது கிராம்தான் குறைந்திருந்தது. அந்த நாட்களில் அண்ணியே மாடிப்படியில் நின்று, "இன்னும் கோச்சிகினுதான் கீதா?" என்று விசாரிப்பாளாம். மே மாதத்தில் அலமாரிப் பக்கத்தில் வைக்க ஐஸ் பாட்டில்களை அண்ணன்தான் மேலே தூக்கிக்கொண்டு போவான். கதவைத் தாண்டி உள்ளே வர மாட்டான். வாசலில் வைத்துவிட்டு, "உங்க மேடத்துக்கு ஏசி வந்துடுச்சி" என்பான். இப்படித்தான் நான்கு வருடம் போயிற்று. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது.

துக்கத்துக்கு வந்த பெண்கள், பாம்பு இருந்ததால்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பாம்பு வந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது ஒரு ஜாதகக்காரர் நாகதோஷம் என்று சொன்னார். பதினோரு வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றச் சொன்னார். அம்மாவுக்காக எட்டு வாரம் ஊற்றினாள். ஒன்பதாவது வாரம் சொம்பைத் திண்டில் வைத்துவிட்டு, பாம்பு பால் குடிக்காது, இந்த அரை லிட்டர் நம் வீட்டில் ரெண்டு வேளைக் காப்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பிறகு வந்த வரன்களை அவள்தான் வேண்டாம் என்றாள். வேலையை விடச் சொன்னார்கள், அவள் விடவில்லை. இது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் அன்று வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

புதன்கிழமை எடுத்தோம். அன்று சாயங்காலம் வேம்புலி வந்தார். எங்கள் தெரு முனையில் சிமென்ட் கடை வைத்திருப்பவர், கோயில் கமிட்டியில் இருக்கிறார், அண்ணனின் பள்ளிக்கூட நண்பர். அண்ணனோடு வாசலில் உட்கார்ந்து, நாளைக்குப் பால் தெளித்து முடித்ததும் பாம்பைச் சாக்கில் கட்டி ஏரிப் பக்கம் கொண்டுபோய்விடலாம், நாலு பேரை வரச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளேயிருந்து வந்தேன்.

"தங்கச்சி, சொல்றேன்னு கோச்சிக்காதே" என்றார் வேம்புலி. "அது இந்த ஊட்ல கீற வரைக்கும் இன்னொண்ணு உழும்."

"அந்தப் பள்ளம் ஏழு மாசமா இருக்குண்ணா. நீங்களும் தினம் அதைத் தாண்டித்தானே போறீங்க?"

"பள்ளம் எல்லா ரோட்லயுந்தான் கீது. பாம்பு உங்க ஊட்ல மட்டுந்தானே கீது?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்டது என்ற நிம்மதியோடு சொன்னார். எல்லா ரோட்டிலும் இருப்பதால் பள்ளத்தின் மேல் குற்றம் இல்லை. ஒரே வீட்டில் இருப்பதால் பாம்பின் மேல் குற்றம். இந்த ஊரில் எதையும் எல்லா இடத்திலும் செய்துவிட்டால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் பதிவுத் தாளைப் பற்றிச் சொன்னேன். கண்ட இடத்தில் விடுவது தப்பு, சம்பந்தப்பட்டவர்களிடம் முதலில் தெரிவிக்க வேண்டும், விட்டால் அது செத்துப்போகும் என்றேன். அண்ணன் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"தாட்சாயிணி செத்துகீறா. நீ பாம்புக்குப் பேப்பர் காட்டிகினு கீறே" என்றான்.

என்னை அந்த இடத்தில் அடித்துப் போட்டது மாதிரி இருந்தது. ஏனென்றால் நான் ஒன்றும் அந்தப் பாம்பின் தோழி இல்லை. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும், அதை யாரிடமாவது கொடுத்துத் தொலையேன் என்று அக்காவிடம் சொன்னவள் நான். அவள் தொழிற்சாலையில் ஒரு பாகம் அளவில் தவறி வந்தால் சிவப்பு மை தடவித் தனியாக வைப்பாளாம். அதுவரை என் கோபமெல்லாம் மற்றவர்கள் மேல் இருந்தது. அன்று எனக்கும் கொஞ்சம் சிவப்பு மை வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை ஆண்கள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போனார்கள். திரும்பி வந்ததும் சாக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் இருந்தது. என் கணவர் ஹேமநாதனுக்குப் போன் செய்து காரைத் தெரு முனைக்குக் கொண்டுவரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "பின்சீட்ல வெச்சிக்கணும், நான் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றார்.

மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் கற்பூர வாசனை அடித்தது. அண்ணி அலமாரிக்கு முன்னால் கைகூப்பி நின்றிருந்தாள். கண்ணாடி முழுக்க மஞ்சளும் குங்குமமும். கீழே கற்பூரம் எரிந்து கரி படிந்திருந்தது. உள்ளே தண்ணீர்க் கிண்ணத்தில் பால், பக்கத்தில் ஒரு முட்டை. சுடுகாட்டுக்கு எடுத்துப்போன பாலில் ஒரு டம்ளர் எடுத்து வைத்து மேலே கொண்டுவந்திருக்கிறாள். பாதி குறைந்திருந்தது. எவ்வளவு சிந்தியது, எவ்வளவு பாம்பின் வயிற்றுக்குள் போனது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கவிழ்ந்த தண்ணீரை அதுவரை யாரும் ஊற்றி வைக்கவில்லை. ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி யாரோ போன் சார்ஜ் போட்டிருந்தார்கள். இரண்டு இரவு மார்கழிக் குளிர். அடியில் விரித்திருந்த தாள்கள் பாலில் நனைந்திருக்க, அதன் மேல் பாம்பு பந்தாகக் கிடந்தது.

அண்ணியைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"அவளுக்குப் பாலு ஊத்தறாங்க. இது இன்னா பண்ணிச்சி, இதுக்கும் கொஞ்சம் ஊத்துவோம்னு" என்றாள் அண்ணி. "அவ இருந்தா உட மாட்டா. தெரியும். ஆனா கோவம் தணியணும்ல?"

"யாரு கோவம், அண்ணி?"

அவள் அழுதாள். அன்பும் பயமும் கலந்து ஊற்றிய பால் அது. எட்டு வெள்ளிக்கிழமை புற்றில் ஊற்றிய பால் போதாதென்று, எந்தப் பாலை அக்கா வேண்டாம் என்று சொன்னாளோ அதே பாலை அவள் செத்த மூன்றாம் நாள் அவள் அறையிலேயே கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். நான் கிண்ணத்தை எடுத்துக் குளியலறையில் கொட்டினேன். அப்போதுதான் எனக்கு முதல் தடவை அழுகை வந்தது, துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் அக்கா ஒரு தாள் ஒட்டியிருந்தாள், தொழிற்சாலைச் செக்லிஸ்ட் மாதிரி. கையைக் கழுவு. எலி வாசனை இருக்கக் கூடாது. மேலேயிருந்து கை விடாதே, பருந்து என்று நினைக்கும். பக்கத்திலிருந்து போ. தலையைத் தொடாதே. நடு உடம்பைத் தாங்கு. தயங்கினால் அதற்குப் பயம், நேராக எடு. கடைசியில் சின்ன எழுத்தில், 'சனிக்கிழமை டாக்டர், வலது கண்' என்று இருந்தது. தோல் உரித்தபோது வலது கண்ணின் மேல் பழைய தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதைக் காட்ட எடுத்துப்போக அவளே பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தாள். அது கட்டிலுக்குப் பக்கத்தில் டிரில்லோடு இருந்தது.

நான் கையைக் கழுவினேன். பக்கத்திலிருந்து கை விட்டேன். தயங்கத்தான் செய்தேன். அது இன்னும் இறுகிச் சுருண்டதே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. வழவழப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்து, சில்லென்று, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பால் வாடை அடித்தது. அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டு பெட்டியின் மூடியைப் பிடித்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே பிடித்தாள். உள்ளே அக்காவின் பழைய நைட்டி ஒன்றை விரித்து அதை வைத்தோம்.

படியிறங்கும்போது ஆண்கள் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். வேம்புலியின் கையில் சாக்கு. பெட்டியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"குவார்ட்டர்ஸ்ல உட மாட்டாங்க தங்கச்சி" என்றார்.

"அதை நான் பாத்துக்கறேன்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு நின்றிருந்தான். வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். வேம்புலியிடம், "சாக்க எட்த்துகினு போடா. அந்தப் பள்ளத்துல மண்ணு அள்ளிப் போட ஒதவும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. கார் வரை அவன் பெட்டியை விடவில்லை. நான்கு வருடத்தில் அவன் பாம்புக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றுதான்.

ஹேமநாதன் சொன்னபடி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கால்நடை ஆஸ்பத்திரி வரை எந்த வேகத்தடையிலும் வண்டி குலுங்கவில்லை. டாக்டர் சூடு ஏற்றினார். சுத்தமான தண்ணீர் மட்டும் வையுங்கள், இரண்டு வாரம் உணவு வேண்டாம் என்றார். பால் அதற்குச் செரிக்காது, கொஞ்சம்தான் போயிருக்கிறது, இன்னொரு குளிர் ராத்திரி அப்படியே கிடந்திருந்தால் சொல்ல முடியாது என்றார். கண்மேல் ஒட்டிய தோலைப் பிடுங்கக் கூடாது, அடுத்த தடவை தோல் உரிக்கும்போது தானாக வரும் என்றார். பதிவை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன். குவார்ட்டர்ஸில் அனுமதி கிடைக்காவிட்டால் வெளியே வீடு பார்க்க வேண்டும். பார்க்கிறோம்.

பள்ளத்தைப் பற்றி நான் நான்கு இடங்களுக்கு எழுதினேன். இரண்டிலிருந்து, இது எங்கள் எல்லை இல்லை என்று பதில் வந்தது. மற்ற இரண்டிலிருந்து பதிலே இல்லை. பள்ளத்தில் யாரோ ஒரு வேப்பங்கிளையை நட்டிருக்கிறார்கள். அதுவும் காய்ந்துவிட்டது. பாம்பு வீட்டைவிட்டுப் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. போன வாரம் அதே இடத்தில் ஒரு பால்காரர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவர் வீட்டில் என்ன வளர்க்கிறார் என்று தெருவில் யாராவது விசாரித்திருப்பார்கள்.

நேற்றுப் பாம்பு தோல் உரித்தது. வலது கண் தெளிந்துவிட்டது. இங்கே வந்த இருபதாம் நாளில் அது தன் முதல் எலியை எடுத்தது, நோட்டில் தேதி போட்டிருக்கிறேன், அக்காவின் கையெழுத்துக்குக் கீழே.

பெட்டி என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்றோட்டத்துக்காக அதில் இருபத்து நான்கு துளைகளுக்கு அக்கா அளவெடுத்துப் பென்சிலில் குறி போட்டிருக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக இருபத்தைந்து மில்லிமீட்டர். திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, தலைவலிக்கிறது, டிரில்லை நிறுத்து என்று அண்ணி கீழேயிருந்து சொன்னதும் நிறுத்தியிருக்கிறாள். பதினேழு துளைகள் முடிந்திருக்கின்றன. மீதி ஏழும் பென்சில் வட்டங்களாக இருக்கின்றன.